சுகிர்தம் அக்கா நீட்டுற ரெண்டாவது பாட்டிலு

எங்க சுகிர்தம் அக்கா எந்த வூட்டுக்கு நர்சு வேலைக்குப் போனாலும் மொத நாளே ரெண்டு பாட்டிலு எடுத்து வெப்பாங்க. ஒண்ணு படுத்துக்கினு கீற பெரியவருக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு வூட்டுக்காரங்க முழிப்பாங்க. பெரியம்மாவுக்குன்னு அக்கா சொல்லுவாங்க. பெரியம்மாவுக்கு இன்னா, நல்லாத்தான கீறாங்க, அவுங்கதான இந்த வூட்டையே இஸ்துக்கினு போறாங்கன்னு பதில் வரும். அக்கா வுட மாட்டாங்க. வாங்குற வரைக்கும் பாட்டில நீட்டிக்கினே நிப்பாங்க. தண்டையார்பேட்டைல ஒரு வூட்ல, வூட்டுப் பொம்பள மூத்திரத்த இவ வாங்கிப் போயி செய்வின வெக்கப் போறான்னு சொல்லி அன்னிக்கே கதவச் சாத்திட்டாங்க. அதுக்கும் அக்கா அசரல. அடுத்த வூட்லயும் ரெண்டு பாட்டிலுதான்.

இந்தப் பழக்கம் அவுங்களுக்கு எந்த வூட்ல வந்திச்சின்னு எனக்குத் தெரியும். அந்த வூட்ல பத்துப் பாத்திரம் தேச்சவ நானு. பேரு கன்னியம்மா, காசிமேட்டுக்காரி. கண்ணால பாத்தத சொல்றேன். நடுவுல பூந்து அப்படியா, மெய்யாலுமான்னு கேட்டுக்கினு இருக்காத, எனக்குக் கோவம் வரும்.

மொதல்ல அக்காவப் பத்தி. அவுங்க தெக்கத்திக்காரங்க. அந்தப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரில வேல கத்துக்கினவங்க. லூயிஸுன்னு ஒருத்தரக் கட்டிக்கினு ராயபுரம் வந்தாங்க. அவரு கப்பல்ல வேலன்னு சொல்லி ரங்கூனுக்குப் போனாரு. போன கப்பலு பத்திரமாத் திரும்பி வந்திச்சி, அவருதான் வரல. அக்கா கொஞ்ச நாளு ஹார்பரு கேட்டுல போயி நின்னு பாத்தாங்க. அப்பால பொடவைய இழுத்து சொருவிக்கினு, வயசானவங்களப் பாத்துக்குற வேலைக்கு வூடு வூடாப் போவ ஆரம்பிச்சாங்க. வாதம் வந்து ஒரு பக்கம் வுழுந்தவங்க, கண்ணுல புரை வுழுந்தவங்க, ரத்தக் கொதிப்புக்காரங்க, படுத்த படுக்கையா கீறவங்க, எல்லாரையும் பாப்பாங்க. முதுகுல புண்ணு வராம இருக்க மாத்தி மாத்தித் திருப்பிப் போடுவாங்க. வாய் கோணிப்போன பெரியவருக்கு எந்தப் பக்கமா கஞ்சிய ஊத்துனா பொரை ஏறாதுன்னு பாத்து ஊத்துவாங்க. இம்மாம் செஞ்சும் எங்க லைன்ல அவுங்களுக்கு வெச்ச பேரு இன்னா தெரியுமா? மூத்திர நர்சு.

எல்லாம் அந்த நீலத் தண்ணியால வந்த பேரு. சக்கர வியாதிக்காரங்க வூட்ல காத்தால அதான் மொத வேல. கண்ணாடிக் குழாய்ல நீலத் தண்ணிய ஊத்தி, அதுல சில சொட்டு மூத்திரம் வுட்டு, ஸ்பிரிட்டு வெளக்குல காட்டிக் காய்ச்சுவாங்க. நீலமாவே நின்னா மூத்திரத்துல சக்கர இல்ல. பச்சைன்னா கொஞ்சம் கீது. மஞ்சளுன்னா ஜாஸ்தி. செங்கல் கலருக்கு வந்திச்சின்னா ஆளு மாட்டிக்கினாரு. அப்போ வூட்ல வெச்சிப் பாக்குறதுக்கு வேற வழி கெடையாது. பெரியவரு வாயக் கட்டுனாரா இல்லியான்றத அந்தக் குழாதான் சொல்லணும்.

சொதந்திரம் வந்து சில வர்சம் ஆன சமயம் அது. சீனிய ரேஷன்ல அளந்து குடுத்துக்கினு இருந்தாங்க. அதனால வண்ணாரப்பேட்டைல ராசையா அண்ணாச்சியோட கருப்பட்டி மண்டிக்கு ஒரே யோகம். உடன்குடிப் பக்கத்துலேர்ந்து ஓலக் கொட்டான்ல கருப்பட்டி வந்து எறங்கிக்கினே இருக்கும். அண்ணாச்சி கல்லாவுல குந்திக்கினு வர்றவன் போறவனுக்கெல்லாம் ஒரே பாட்டு பாடுவாரு. சீனி சீமக்காரன் சரக்கு, ரத்தத்தக் கெடுத்துரும். கருப்பட்டி பனமரம் குடுத்த மருந்து. சளிக்கு மருந்து, வாயுவுக்கு மருந்து, புள்ள பெத்தவளுக்கு மருந்து. இத்த அவரு யாவாரத்துக்காக சொல்லல. மனசார நம்புனாரு.

அந்த மருந்த பொறந்ததுலேர்ந்து துண்ணவருக்குத்தான் சக்கர வியாதி வந்திச்சி. காலு கட்ட வெரல்ல செருப்பு ஆணி ஏறி கீது, அவருக்குத் தெரியவே இல்ல. கூடத்துல நான் தொடச்ச எடத்துலயே ரத்தக் கறை திரும்பத் திரும்ப வருது, இன்னா பேஜாருடா இதுன்னு நான் கூச்சலு போட்டப்பதான் எல்லாரும் குனிஞ்சி பாத்தாங்க. வெரலு அழுவிக்கினு இருந்திச்சி. டாக்டரு வந்து பாத்தாரு. தெனம் ஊசி போடணும், இனிப்பே ஆவாது, புண்ணு ஆறலைன்னா முட்டிக்குக் கீழ காலையே எடுக்க வேண்டி வரும்னு சொல்லிட்டுப் பூட்டாரு.

அண்ணாச்சி போலீசுக்காரனையே நிக்க வெச்சிப் பேசுற ஆளு. அன்னிக்கு சின்னப் புள்ள கணக்கா அழுதாரு. "காலு ஒரு சுடுகாட்டுல, நான் ஒரு சுடுகாட்டுலயா வேவணும்லே?"னு மவன் தவசிமுத்துவப் பாத்துக் கேட்டாரு. ஒடம்பு முழுசாப் போய்ச் சேரணும்னு அவருக்கு. அங்கியே திருச்செந்தூரு முருகனுக்கு நேந்துக்கினாரு. காலு பொழச்சா வெள்ளில ஒரு காலு செஞ்சி உண்டியல்ல போடுறேன்னு. கண்ணு நோவு தீந்தா வெள்ளிக் கண்ணு, காலு நோவு தீந்தா வெள்ளிக் காலு, அதான வழக்கம். முருகனுக்கு வேண்டிக்கின கையோட தவசிமுத்து சுகிர்தம் அக்காவையும் இட்டாந்தான்.

அக்கா வந்த அன்னிக்கே வூட்ல இருந்த சீனிய டப்பாவோட எடுத்து என் கைல குடுத்துட்டாங்க. எம் புள்ளைங்க அந்த வாரம் பூரா சீனித் தண்ணி குடிச்சிதுங்க, அந்தப் புண்ணியம் அக்காவுக்கு. சோத்தக் கொறச்சாங்க. கீரையும் அவரக்காயுமா ஆக்கச் சொன்னாங்க. காத்தாலயும் சாயந்தரமும் அண்ணாச்சி காலக் கழுவி, வெரலுக்கு வெரலு நடுவுல துணிய வுட்டு ஈரம் போவ தொடைப்பாங்க. பாதத்துக்குக் கீழ கண்ணாடிய வெச்சி, புதுசா எங்கியாவது கீறலு கீதான்னு பாப்பாங்க. அண்ணாச்சிக்கு இதுல ஏகப்பட்ட பெருமை. கை ரிக்‌ஷாவுல ஏறி மண்டிக்குப் போயி, கால ஸ்டூலு மேல நீட்டி வெச்சிக்கினு, எம் பாதத்துக்குன்னே வூட்ல ஒரு நர்சு இருக்கான்னு வர்ற யாவாரிங்ககிட்டல்லாம் சொல்லிக்கினாரு.

எல்லாம் நல்லாத்தான் போச்சி. குழா மட்டும் தெனம் செங்கல் கலரு. இனிப்பு எதனா சாப்ட்டியளான்னு அக்கா கேப்பாங்க. முருகன் மேல சத்தியமா ஒரு பொட்டு தொடலன்னு அண்ணாச்சி சொல்லுவாரு. மெய்யாலுமே அந்த மனுசன் பொய் சொல்லல. அதான் கூத்து. காத்தால கருப்பட்டிக் காப்பி, சாயந்தரம் கருப்பட்டிக் காப்பி, நடுவுல ரெண்டு வாட்டி சுக்குத் தண்ணி, அதுலயும் கருப்பட்டி. அந்த வூட்ல அத்த யாரும் இனிப்பு கணக்குல சேக்கல. மருந்துன்னு சேத்தாங்க. அவருக்கு ஒடம்பு முடியலியேன்னு வழக்கத்த வுட ஒரு கட்டி ஜாஸ்தியாவே போட்டாங்க.

அப்போ அக்காவுக்குக் கண்ணு இல்லியான்னு கேப்ப. இருந்திச்சி. ஆனா அதே காப்பியத்தான் அவுங்களும் வந்த நாள்லேர்ந்து குடிச்சிக்கினு இருந்தாங்க. தெக்கத்திக்காரங்களுக்கு அது தண்ணி மாதிரி, எதிர்ல இருந்தாலும் கண்ணுல படாது. ஒரு நா சுடுதண்ணி வாங்க அடுப்பாங்கரைக்கு வந்தவங்க, சட்டில கருப்பட்டி கரையிறதப் பாத்துட்டு கைல இருந்த டம்ளரையும் பாத்தாங்க. அப்படியே தலைல கைய வெச்சிக்கினு குந்திட்டாங்க. எனக்கு சிரிப்பு அடக்க முடியல, பொறக்கடைக்கு ஓடிட்டேன்.

கருப்பட்டியையும் நிறுத்தணும்னு அக்கா சொன்னதும் அண்ணாச்சிக்கு மூஞ்சி தொங்கிப் போச்சி. கால எடுத்துருவோம்னு டாக்டரு சொன்னப்போ கூட அப்படித் தொங்கல. வம்சமா விக்கிற சரக்க வெஷம்னு சொல்லிட்டாளேன்னு அவருக்கு ரோசம். உங்க குழாயிலயே காய்ச்சிக் காட்டுங்க பாப்போம்னாரு. அக்கா சுளுவா முடிஞ்சிச்சின்னு நெனச்சாங்க. கருப்பட்டியத் தண்ணில கரைச்சி, நீலத் தண்ணில வுட்டு, வெளக்குல காட்டுனாங்க. செங்கல் கலரு. தவசிமுத்து, ரிக்‌ஷாக்காரன், நானு, எல்லாரும் கழுத்த நீட்டிப் பாத்தோம். அண்ணாச்சியும் குனிஞ்சி பாத்தாரு. ஆனா அவரு யாவாரி. இந்தத் தட்டுல ஒண்ண வெச்சா அந்தத் தட்டுலயும் ஒண்ண வெக்காம வுட மாட்டாரு. சீனியையும் காய்ச்சுங்கன்னாரு.

பக்கத்து வூட்ல ஒரு கை சீனி கடன் வாங்கியாந்தேன். அக்கா கரைச்சி ஊத்திக் காய்ச்சுனாங்க. நீலம். குழாயக் கழுவி திரும்பவும் காய்ச்சுனாங்க. அப்பவும் பளிச்சின்னு நீலம். அக்கா மூஞ்சில ஈயாடல. அந்த நீலத் தண்ணி சில தினுசு சக்கரையத்தான் புடிக்கும், வெள்ளச் சீனிய அப்படியே காய்ச்சுனா அதுக்குத் தெரியாது, வவுத்துக்குள்ள பூட்டா ரெண்டும் ஒண்ணுதான்னு டாக்டரு அப்பால சொன்னாரு. அப்பால சொல்லி இன்னா? அன்னிக்கு அண்ணாச்சி சாஞ்சி குந்திக்கினு சிரிச்சாரு. "இது சீமக்காரன் தண்ணில்லா நர்சம்மா. அவன் சீனிய அவன் தண்ணி காட்டிக் குடுக்குமா?"ன்னாரு. அதோட அந்தக் குழா அவரு கண்ணுக்குப் பொய் சாச்சி ஆயிடுச்சி. பொய் சாச்சிக்கு முன்னாடி நாம ஏன் உண்ம பேசணும்னு அவரு மனசுல ஒரு கணக்குப் போட்டுட்டாரு.

அது எங்களுக்குத் தெரியல. வூட்ல கருப்பட்டிக் காப்பி நின்னு போச்சி. ரெண்டு நாளு கழிச்சி பாத்தா குழா பச்சைகூட ஆவல, ஒரே நீலம். அடுத்த நாளும் நீலம். தவசிமுத்து அக்காவக் கும்புட்டான். டாக்டரு வந்து பலே பலேன்னு சொல்லி ஊசி மருந்தப் பாதியாக் கொறச்சாரு. நீலம் வந்த சந்தோசத்துல அந்த வூட்ல இன்னா பண்ணாங்கன்ற? கருப்பட்டிப் பணியாரம் சுட்டுத் தெரு பூராக் குடுத்தாங்க. நானும்தான் துண்ணேன்.

அக்கா மட்டும் சிரிக்கல. தண்ணி நீலமா கீது, புண்ணு நாறுது. கட்டப் பிரிக்கிறப்போ நானு மூக்கப் பொத்திக்கினு வெளிய வந்துருவேன், அம்மாம் கலீஜு. வெரல்லேர்ந்து கறுப்பு மேல ஏற ஆரம்பிச்சிச்சி. அக்கா நீலத் தண்ணிதான் கெட்டுப் பூட்ச்சோன்னு சந்தேகப்பட்டுப் புதுசு வாங்கியாந்தாங்க. குழாய மாத்துனாங்க. வெளக்குத் திரிய மாத்துனாங்க. பாட்டிலு மேல மட்டும் அவுங்களுக்கு சந்தேகமே வரல. ஒருத்தரு மூத்திரத்த இன்னொருத்தரு கடன் வாங்குவாங்கன்னு யாருக்குத் தோணும், சொல்லு.

கடன் குடுத்தவன் உச்சிமாகாளி. மண்டில மூட்டை தூக்குற பையன், கல்லத் துண்ணாலும் செரிக்கிற ஒடம்பு. தெனம் காத்தால மண்டி சாவி வாங்க வூட்டுக்கு வருவான். பின்கட்டுக்குப் போயி மொதலாளிக்காக ஒரு வேலைய முடிச்சிக் குடுத்துட்டு சாவிய எடுத்துக்கினு போவான். மொதலாளி மண்டிக்குப் போயி நிம்மதியா கருப்பட்டிக் காப்பி குடிப்பாரு. இந்த ஏற்பாடு எம்மாம் ஜோரா நடந்துக்கினு இருந்திச்சின்னு அப்பாலதான் எங்களுக்குத் தெரிஞ்சிது.

இத்தினி பேரப் பத்தி சொன்னேன், ஒருத்தரப் பத்தி சொல்லாமலே வந்துட்டேன் பாரு. அந்த வூட்லயும் அப்படித்தான், அவுங்களப் பத்தி யாரும் பேசவே மாட்டாங்க. அண்ணாச்சி சம்சாரம் சீனியம்மாள். நானு பெரியம்மான்னு கூப்புடுவேன். காப்பி போட்டவங்க, சுக்குத் தண்ணி வெச்சவங்க, பணியாரம் சுட்டவங்க எல்லாம் அவுங்கதான். மண்டியோட உசுரே அவுங்க நாக்குலதான் இருந்திச்சி. ஊருலேர்ந்து கருப்பட்டி வந்து எறங்குனா ஒவ்வொரு கொட்டான்லேர்ந்தும் ஒரு துண்டு வூட்டுக்கு வரும். பெரியம்மா அத்தத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க, ஒடைச்சிப் பாப்பாங்க, வாயில போடுவாங்க. இதுல சீனிப் பாகு கலந்துருக்கு, இது சுத்தம், இது போன மழைக்கு நனைஞ்சதுன்னு சொல்லுவாங்க. அவுங்க சொன்ன அப்பாலதான் வெலை. கல்யாணம் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அந்த வேலைய அவுங்க ஒரு நா கூட வுட்டதில்ல.

அந்த வர்சம் பெரியம்மா எளைச்சிப் பூட்டாங்க. புருசன் காலு போயிருமோன்ற கவலைன்னு எல்லாரும் சொன்னாங்க. சொம்பு சொம்பாத் தண்ணி குடிச்சாங்க. அடுப்புச் சூடுன்னாங்க. பின்கட்டுல அண்ணாச்சி மூத்திரம் போற பக்கம் மாதிரியே பொம்பளைங்க போற பக்கமும் எறும்பு மொய்ச்சிக்கினு கெடந்திச்சி. எறும்புக்கு ஆம்பள பொம்பள தெரியுமா, சொவத்தத் தாண்டி வருதுன்னு தண்ணி ஊத்திக் கழுவி வுட்டோம். லேசா நொண்டி நடந்தாங்க. வயசாவுதுல்லன்னு வுட்டுட்டோம்.

ஒரு நா உச்சிமாகாளி ஊருல அம்மன் கோயிலு கொடைத் திருவிழான்னு கெளம்பிப் பூட்டான். அண்ணாச்சி அவனுக்கு லீவும் குடுத்து, புது வேட்டியும் குடுத்து அனுப்பி வெச்சாரு. பாட்டில மறந்துட்டாரு. மறுநா காத்தால அக்கா வெளக்கப் பத்த வெக்கிறப்போதான் அவருக்கு நெனப்பு வந்திச்சி. பின்கட்டுக்குப் போயி பெரியம்மாவக் கூப்புட்டு காதுல ஏதோ சொன்னாரு. அவரு கேட்டு இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லாத பொம்பள. இத்தயும் குடுத்தாங்க.

அக்கா காய்ச்சுனாங்க. பக்கத்துல தவசிமுத்து நின்னுக்கினு இருந்தான். நானு கூடத்தப் பெருக்கிக்கினு இருந்தேன். நீலம் பச்சையாச்சி, பச்சை நிக்கல, மஞ்சளாச்சி, அதுவும் நிக்கல. செங்கல் கலருல வந்து நின்னுச்சி. அண்ணாச்சி மூஞ்சில இருந்த சிரிப்பு அப்படியே இருந்திச்சி, எறங்க மறந்துட்ட மாதிரி. நேத்து என்ன சாப்ட்டியன்னு அக்கா அமைதியாக் கேட்டாங்க. ஒண்ணும் திங்கலன்னாரு. குழா சொல்லுதேன்னு அக்கா சொன்னாங்க. அவருக்குக் கோவம் பொத்துக்கினு வந்திச்சி. யாருக்கும் அடங்காத மனுசன், செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கணும்னா எப்படித் தாங்குவாரு?

"அது என்னோடதே இல்ல, நர்சம்மா. அது எப்படிச் செவக்கும்?"

சொன்ன அப்பாலதான் சொன்னது இன்னான்னு அவருக்கே ஒறைச்சிச்சி. தவசிமுத்து அப்பன் மூஞ்சியப் பாக்குறான், அக்கா குழாயப் பாக்குறாங்க. யாரோடதுன்னு அக்கா கேட்டாங்க. அண்ணாச்சி தலையக் குனிஞ்சிக்கினு அடுப்பாங்கரைப் பக்கம் கையக் காட்டுனாரு. அப்பால அவசரமா, அவளுக்கு ஒண்ணும் கெடையாதே, அவ நல்லாத்தான இருக்கான்னாரு.

அக்கா குழாயக் கைல புடிச்சிக்கினே எழுந்து போனாங்க. பெரியம்மா அடுப்பு முன்னாடி நின்னுக்கினு இருந்தாங்க. காலக் காட்டுங்க அக்கான்னு சுகிர்தம் அக்கா கேட்டாங்க. சோறு கொதிக்கிது, அப்பறம் பாக்கலாம்னு பெரியம்மா நழுவப் பாத்தாங்க. அக்கா தரைல குந்தி, பொடவைய ரவ தூக்கி, இடது காலக் கைல வாங்கிக்கினாங்க. பாதத்துல பழந்துணி சுத்தி மஞ்சப் பத்து போட்டு கீது. பிரிச்சா, அண்ணாச்சி காலுதான் அழகுன்னு சொல்லணும். அடுப்புலேர்ந்து வுழுந்த நெருப்ப மிதிச்சி, பாதத்துல பாதி வெந்து கறுத்துப் பூட்ச்சி. எப்போ சுட்டுதுன்னு கேட்டா, சுடவே இல்லியேன்னாங்க. ஏன் சொல்லலைன்னு தவசிமுத்து கேட்டான். அவங்களுக்கே கால் சரியில்ல, ஒரு வூட்ல எத்தன காலுக்கு வைத்தியம் பாக்கன்னாங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு தொடப்பத்த அங்கியே போட்டேன். யாரு மேல கோவம்னு கேட்டா தெரியல. அந்த மனுசன் வெரலுக்குக் கண்ணாடி வெச்சிப் பாத்த வூடு. அதே வூட்ல ஒரு பொம்பள வெந்த காலோட நின்னு சோறு ஆக்கி கீறா, அந்தக் காலச் சுத்தித் தெனம் பெருக்குன நானும் பாக்கல. அக்கா அன்னிக்கு சாயந்தரம் எங்க வூட்டு வாசல்ல வந்து குந்துனாங்க. அப்பால சொன்னாங்க: "தெனமும் அந்தக் காலத் தாண்டித்தான் இந்தக் காலப் பாக்கப் போனேன், கன்னியம்மா." சொல்லிட்டு அழுதாங்க. லூயிஸு வராதப்போ கூட அவுங்க அழுது நானு பாத்ததில்ல.

அண்ணாச்சிக்கு அன்னியோட புத்தி வந்திச்சி. சீமக்காரன் தண்ணி, முன்ன பின்ன பாத்திராத ஒரு பொம்பளையோட வியாதியக் கண்டுபுட்ச்சதப் பாத்து பயந்துட்டாரு. மண்டிலயும் காப்பி குடிக்கல. ஊசிய முழுசா போட்டுக்கினாரு. அவரு பாட்டில அவரே நெரப்புனாரு. கட்ட வெரல மட்டும் எடுத்தாங்க, மத்தபடி புண்ணு மெல்ல மெல்ல ஆறி, செவப்பா புதுத் தோலு வந்திச்சி. டாக்டரு தட்டிப் பாத்து, காலு பொழச்சிடுச்சின்னாரு.

பெரியம்மா காலு பொழைக்கல. ரொம்ப லேட்டாயிடுச்சின்னு பெரிய ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. முட்டிக்குக் கீழ எடுத்தாங்க. எந்தக் காலு போயிருமோன்னு ஒரு வூடே அழுது வேண்டிக்கினு இருந்திச்சோ அது நின்னுச்சி, ஒருத்தரும் வேண்டிக்காதது போச்சி. அந்தக் காலு எங்க போச்சின்னு யாரும் கேக்கல. சுடுகாட்டப் பத்தி அண்ணாச்சி ஒரு வார்த்த பேசல.

பெரியம்மா வூட்டுக்கு வந்து கொஞ்ச நாளு கழிச்சி, ஆசாரி வெள்ளிக் கால செஞ்சி எடுத்தாந்தான். கைக்குள்ள அடங்குற மாதிரி சின்னதா, ஆனா வெரலு நகமெல்லாம் திருத்தமா இருந்திச்சி. மறுநா திருச்செந்தூருக்கு ரயிலு. நேந்தத செய்யாம வுட்டா சாமிக் குத்தமாச்சே. தட்டுல வெத்தல பாக்கு, பூவு, நடுவுல வெள்ளிக் காலு. அண்ணாச்சி அவரு ரெண்டு காலாலயும் நடந்து வந்து பெரியம்மா கட்டிலு முன்னாடி நின்னாரு. நீயும் ஒரு வாட்டி தொட்டுக் கும்புட்டுக் குடு, குடும்பத்துக்காகத்தான நேந்ததுன்னு சொல்லித் தட்ட நீட்டுனாரு.

பெரியம்மா அந்தக் காலக் கைல எடுத்தாங்க. கருப்பட்டித் துண்டப் பாக்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கோவமா ஒண்ணியும் இல்ல. மண்டிக்கு வெலை சொல்ற அதே கொரல்ல சொன்னாங்க.

"ஒரு காலு குடுக்கேன்னுதான நேந்திய? அதான் குடுத்தாச்சுல்லா. இது எதுக்கு ரெண்டாவது?"

சொல்லிட்டு அத்தத் தட்டுலயே வெச்சிட்டாங்க. அண்ணாச்சி தட்டப் புடிச்சிக்கினு அங்கியே நின்னாரு. சுகிர்தம் அக்கா கட்டிலுக்குக் கீழ குந்திக்கினு இருந்தாங்க, தலைய நிமித்தல. பெரியம்மாவோட மிச்சம் கீற காலுல, வெரலுக்கு வெரலு நடுவுல துணிய வுட்டு ஈரம் போவ தொடைச்சிக்கினு இருந்தாங்க.